வேற கட்சிக்காரங்ககிட்ட அரசியல் பேசறது எப்படி? கோத்தகிரியில இருந்து ஒரு கேள்வி பதில்

நான் நீலகிரி மலையில, கோத்தகிரி பஜார்ல தையல் கடை வச்சிருக்கேன், 14 வருஷம் ஆச்சு. எலெக்ஷன் வந்தா எல்லா கட்சி கரை வேட்டியும் ஓரம் அடிக்க என் மெஷினுக்கு தான் வரும். கடையில உக்காந்து பேசறவங்க, சொந்தக்காரங்க, பொண்ணோட காலேஜ் பிரெண்ட்ஸ்னு ஆளாளுக்கு கேட்டதையும் நான் பட்டு தெரிஞ்சுகிட்டதையும் சேத்து எழுதறேன். நான் பெரிய படிப்பு படிச்சவ இல்ல, ஆனா இந்த விஷயத்துல எனக்கு நிஜமாவே அக்கறை இருக்கு.

கட்சி பேச்சே எடுக்காம இருந்துட்டா நிம்மதி தானே?

நானும் கொஞ்ச வருஷம் அப்படித்தான் இருந்தேன், யாராவது ஆரம்பிச்சா மெஷினை வேகமா மிதிச்சு அந்த சத்தத்துல பேச்சை அமுக்கிடுவேன். ஆனா நம்ம மலையில அரசியல்னா டிவியில ஓடற சமாச்சாரம் மட்டுமா, பச்சை இலைக்கு கிலோவுக்கு என்ன விலைங்கறது அரசியல், வீட்டுக்கு கரண்ட் கனெக்ஷன் கிடைக்குமாங்கறது அரசியல், யானை நடக்கற வழியில கட்டடம் இருக்கலாமாங்கறது அரசியல், சீசன்ல எத்தனை வண்டி மேல ஏறணுங்கறதும் அரசியல் தான். இதை எல்லாம் விட்டுட்டா அப்புறம் பேசறதுக்கு என்ன மிச்சம் இருக்கு சொல்லுங்க. பேசாம விட்ட கோபம் எங்கயும் போறதும் இல்ல, அப்படியே உள்ள கிடந்து ஒரு கல்யாண வீட்லயோ சாவு வீட்லயோ வெளிய வரும்.

இன்னொன்னு, இங்க ஒருத்தர ஒருத்தர் விட்டுட்டு இருக்கவே முடியாது. 2009 நவம்பர் மழையில மண்ணு சரிஞ்சு நம்ம ஜில்லாவுல 40 பேருக்கு மேல செத்து போனாங்களே, ரோடெல்லாம் துண்டு துண்டா கிடந்த அந்த ரெண்டு மூணு நாள்ல எங்க தெருவுக்கு மொதல்ல மண்வெட்டியோட வந்தது யாருன்னா, முந்தின எலெக்ஷன்ல என் வீட்டுக்காரரோட மல்லுக்கு நின்ன பக்கத்து வீட்டு அண்ணன் தான்.

சரி, பேச்சை எப்படி ஆரம்பிக்கறது?

"ஏன் அந்த கட்சிக்கு போடறீங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. அது கேள்வி மாதிரி இருக்கும், ஆனா காதுல விழும்போது குத்தம் சொல்ற மாதிரி தான் விழும், உடனே அவங்க வக்கீல் மாதிரி பதில் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. நான் கேக்கறது "எப்ப இருந்து அந்த பக்கம்? என்ன நடந்துச்சு?"

பக்கத்து ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல இருந்து ஒரு பெரியவர் வருவாரு, 70 வயசுக்கு மேல. ஒரு தடவை அவரோட கரை வேட்டிய ஓரம் அடிச்சிகிட்டே இதை கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. வேட்டியோட அந்த கரைய ரெண்டு விரல்ல புடிச்சு தேய்ச்சுகிட்டே சொன்னாரு, அவரு சம்சாரத்துக்கு மூத்த பிள்ளைக்கு வலி எடுத்தப்ப ஹட்டிக்கு ரோடு கிடையாதாம், ராத்திரியில கம்பளியில தொட்டில் மாதிரி கட்டி நாலு பேர் தூக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்திருக்காங்க, பிள்ளை தங்கல. அடுத்த வருஷம் அந்த கட்சி ஆள் ஒருத்தர் அலைஞ்சு திரிஞ்சு ரோடு போட வச்சாராம். "அந்த ரோட்ல தான்மா ரெண்டாவது பிள்ளைக்கு ஜீப்ல போனோம்"னாரு.

அதுக்கு அப்புறம் அவரோட ஓட்டை முட்டாள்தனம்னு என்னால நினைக்கவே முடியல. நான் வேற சின்னத்துக்கு தான் போடறேன், அதுல ஒரு மாத்தமும் இல்ல. ஆனா அவரும் என்னை கேட்டாரு, நானும் எங்க அப்பா கதைய சொன்னேன். 1964ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க இல்லையா, சிலோன் தோட்டத்துல இருந்த நம்ம ஆளுங்கள்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும்னு, அதுல வந்தவர் அப்பா. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்ல கிடந்து, அப்புறம் பந்தலூர் பக்கம் தேயிலை தோட்டத்துக்கு வந்தாரு. தோட்டத்துல குடுத்த எங்க லைன் வீட்டு செவத்துல எந்த தலைவர் போட்டோ ஏன் மாட்டியிருந்துச்சுங்கறது அந்த பயணத்துல இருந்து வந்தது தான். அதை கேட்டுட்டு பெரியவர் "இத்தனை வருஷமா வேட்டி குடுக்கறேன், இது தெரியாம போச்சே"ன்னாரு. அவ்ளோதான், அன்னிக்கு வாதமே நடக்கல, நடக்க வேண்டிய அவசியமும் வரல.

இலை விலை பேச்சு வந்தாலே சண்டை தான் வருது. அதை எப்படி பேசறது?

இது தான் நம்ம பக்கத்துல பெரிய விஷயம், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருக்கு, எடை போடற ஷெட்ல நடக்கற சண்டை எல்லாம் வீடு வரைக்கும் வரும். ஒரு ஆள் "டெல்லி தான் காரணம்"பாரு, இன்னொரு ஆள் "சென்னை தான் காரணம்"பாரு, ரெண்டு பேரும் கத்துவாங்க, ஆனா ரெண்டு பேரு சொல்றதுலயும் பாதி பாதி உண்மை இருக்கு. தேயிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்துக்கு கீழ வருது, மாசாமாசம் பச்சை இலைக்கு குறைஞ்சபட்ச விலைய அறிவிக்கறது அவங்க. கூட்டுறவு ஃபேக்டரிங்க எல்லாம் இண்ட்கோசர்வ்ங்கற கூட்டுறவு இணையம் மூலமா மாநில அரசு கையில இருக்கு. இது ரெண்டுக்கும் மேல குன்னூர் ஏலத்துல தூள் என்ன விலைக்கு போச்சுங்கறது இருக்கு, தனியார் ஃபேக்டரி என்ன குடுக்கறாங்கங்கறது இருக்கு, இதுல பாதி எந்த கட்சி கைக்கும் முழுசா அடங்காது.

2023 செப்டம்பர்ல கிலோவுக்கு 30 ரூபாய்க்கு மேல வேணும்னு சிறு விவசாயிங்க கோத்தகிரி பக்கம் உண்ணாவிரதம் இருந்தாங்களே, அந்த சமயத்துல எங்க வீட்டு திண்ணையிலயே அண்ணன் தம்பி ரெண்டு பேர் முறைச்சுகிட்டு நின்னாங்க. என் வீட்டுக்காரர் பொண்ணோட பழைய ரஃப் நோட்ட எடுத்து நடுவுல ஒரு கோடு போட்டாரு. "இந்த பக்கம் டெல்லி செய்ய வேண்டியது, அந்த பக்கம் சென்னை செய்ய வேண்டியது, ரெண்டு பேரும் சேந்து எழுதுங்க"ன்னாரு. எழுத எழுத குரல் இறங்கிடுச்சு. ஏன்னா பேச்சு "உன் கட்சி என் கட்சி"ங்கறதுல இருந்து "இந்த வேலைய யார் செய்யணும்"ங்கறதுக்கு வந்துடுச்சு. கடைசியில ரெண்டு பக்கமும் நிரம்பியிருந்துச்சு, தம்பி தான் சொன்னாரு, மனு குடுக்கறதா இருந்தா ரெண்டு எடத்துக்கும் குடுக்கணும்னு.

ஆனா அன்னிக்கு எனக்கு ஒரு வருத்தம். இலை பறிக்கற ரெண்டு அக்காங்க இடுப்புல கட்டின படங்கு சீட்டை கூட அவுக்காம அங்கயே நின்னுட்டு இருந்தாங்க, விலை ஏறினா கூலி ஏறுமான்னு அவங்ககிட்ட யாரும் கேக்கல. மரியாதையா பேசறதுன்னா குரலை தாழ்த்தி பேசறது மட்டும் இல்லைங்க, யாரு வாயே திறக்காம நிக்கறாங்கன்னு திரும்பி பாக்கறதும் தான்.

பேச்சு சண்டையா மாறப்போகுதுன்னு முன்னாடியே தெரியுமா?

தெரியும். தமிழ்ல இது ரொம்ப ஈசி. "நீங்க" எப்ப "நீ" ஆகுதுன்னு பாருங்க. வாங்க போங்கன்னு பேசிட்டு இருந்த ஆள் "உனக்கு என்ன தெரியும்"னு வந்துட்டாருன்னா அங்கயே நிறுத்திடணும், டீ சொல்லணும், இல்ல எழுந்து ஜன்னலை சாத்தணும், எதையாவது செஞ்சு ஒரு நிமிஷம் இடைவெளி விடணும்.

தலைவர்களை சொல்றதும் அப்படித்தான். வீட்ல போட்டோ மாட்டி பூ போடறவங்க முன்னாடி அந்த தலைவரை "அவன்"னு சொன்னா அதுக்கு அப்புறம் நீங்க சொல்ற எந்த நியாயமும் உள்ள போகாது. "அவர் செஞ்ச இந்த விஷயம் தப்பு, இதனால எங்களுக்கு இது நடந்துச்சு"ன்னு சொல்லுங்க, எவ்வளவு கடுமையா வேணும்னாலும் சொல்லுங்க, ஆனா "அவர்" போட்டு சொல்லுங்க. ஒரே ஒரு எழுத்து தான், அது பண்ற வேலை எவ்வளவுன்னு நான் கடையில தினமும் பாக்கறேன்.

அப்படி பாத்து பாத்து பேசினா நம்ம கருத்தை விட்டுக்குடுத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. ராஜாஜியும் பெரியாரும் எப்படி இருந்தாங்கன்னு பாருங்க. 1953ல ராஜாஜி அரை நாள் ஸ்கூல் திட்டம் கொண்டு வந்தப்ப அதை குலக்கல்வின்னு சொல்லி பெரியார் எதிர்த்த எதிர்ப்பு கொஞ்ச நஞ்சம் இல்ல, 1954ல ராஜாஜி முதலமைச்சர் பதவியையே விட வேண்டியதாச்சு. அதே பெரியார் தான் 1949ல தன்னோட கல்யாணத்துக்கு முன்னாடி திருவண்ணாமலையில ராஜாஜியை பாத்து பேசினாரு, 1972 டிசம்பர்ல ராஜாஜி இறந்தப்ப வந்து நின்னு அழுதாரு. எதிர்ப்புலயும் குறை வைக்கல, நட்புலயும் குறை வைக்கல. நம்மால அந்த அளவுக்கு முடியுதோ இல்லையோ, ரெண்டும் சேந்து இருக்க முடியும்ங்கறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேணாம்.

எதிர்ல இருக்கறவர் தப்பான தகவல் சொன்னா?

நாலு பேர் முன்னாடி "பொய்"னு சொல்லாதீங்க, அது மானப் பிரச்சனை ஆயிடும், தப்புன்னு தெரிஞ்சாலும் விடமாட்டாங்க. "எங்க பாத்தீங்க, எனக்கும் காட்டுங்களேன்"னு கேளுங்க. மலைக்கு வர்ற டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ் வந்த புதுசுல, லோக்கல் வண்டிக்கும் பாஸ் எடுக்கணும், இல்லாட்டி ஃபைன்னு ஒரு அண்ணன் கடையில வந்து கொதிச்சாரு. நான் அப்ப ஒண்ணும் சொல்லல, கிளம்பும்போது அவர் வண்டி நம்பர் பிளேட்டை காட்டி "அண்ணா, டிஎன் 43 தானே, நம்ம பதிவு வண்டிக்கு இ-பாஸ் தேவையில்லை"ன்னு தனியா சொன்னேன். சரின்னு போயிட்டாரு.

நம்மளும் தப்பா சொல்லுவோம், அதை ஒத்துக்கணும். சீகூர் யானை வழித்தடத்துல ரிசார்ட் மூடின விஷயத்தை நான் முழுக்க முழுக்க மாநில அரசோட முடிவுன்னு ரொம்ப நாள் பேசிட்டு இருந்தேன். 2020 அக்டோபர்ல தீர்ப்பு சொன்னது சுப்ரீம் கோர்ட்னு என் பொண்ணு தான் எடுத்து காட்டுனா. யார் யார்கிட்ட அப்படி பேசினேனோ அவங்கள்ல ரெண்டு பேரை பாத்து திருத்தி சொன்னேன், அதுல இருந்து அவங்க நான் சொல்றதை கொஞ்சம் கூடுதலா கேக்கறாங்க.

வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்டுக்கு பதில் போடலாமா?

குரூப்ல போடாதீங்க. அனுப்பினவங்களுக்கு போன் பண்ணுங்க, குரலை கேட்டா பாதி கோபம் போயிடும்.

வீட்ல பெரியவங்க வேற கட்சி. மருமகளா நான் எப்படி எதிர்த்து பேசறது?

எங்க மாமனார் தீவிர கட்சிக்காரர், நான் அந்த கட்சி இல்ல. கல்யாணம் ஆன புதுசுல நான் வாய தொறந்தா அத்தை கண்ணாலயே அடக்குவாங்க. அப்புறம் நான் ஒரு வழி புடிச்சேன், "மாமா, நீங்க சொல்றது புரியுது, நான் வேற மாதிரி நினைக்கறேன், சொல்லட்டுமா?"ன்னு கேட்டுட்டு தான் ஆரம்பிப்பேன். கேட்டுட்டா அவரால வேணாம்னு சொல்ல முடியாது, சொல்ல விட்டுட்டா நடுவுல வெட்டவும் முடியாது. இதை பயந்துகிட்டு கேக்கற அனுமதின்னு யாரும் எடுத்துக்க வேணாம், பேச்சுல எனக்கான இடத்தை நானே போட்டுக்கறது இது. ஒரு நாள் அத்தையே "எனக்கும் ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிச்சாங்க, 40 வருஷமா அவங்க யாருக்கு ஓட்டு போட்டாங்கன்னு அன்னிக்கு தான் மாமாவுக்கு தெரிஞ்சுது. ரெண்டு நாள் வீடு அமைதியா இருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு.

ஜாதி, இனம், "எங்க உரிமை"ன்னு வர்ற விஷயத்தை தொடவே பயமா இருக்கே?

பயம் இருக்கறது நல்லது தான், கவனமா பேசுவோம். படுகர்களை பழங்குடி பட்டியல்ல சேக்கணுங்கற கோரிக்கை பல வருஷமா இருக்கு. கேக்கறவங்களுக்கு அதுக்கான வரலாறும் வலியும் இருக்கு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு ஏற்கனவே பட்டியல்ல இருக்கற ஆறு சமூகத்து ஆளுங்க சிலபேருக்கு நமக்கு கிடைக்கறது குறைஞ்சிடுமோன்னு கவலை இருக்கு. இதுல நான் ரெண்டு தரப்பும் இல்ல. அதனால நான் தீர்ப்பு சொல்றதில்ல, கேக்கறேன். நம்ம பொழப்பு எதுல மாட்டியிருக்கோ அதுல நம்ம சத்தமா பேசலாம், அடுத்தவங்க பொழப்பு மாட்டியிருக்கற எடத்துல மொதல்ல காது தான் வேணும்.

கூடலூர் பக்கம் செக்ஷன் 17 நிலம்னு சொன்னா வெளியூர்காரங்களுக்கு சட்டம் மாதிரி தெரியும். 1969ல ஜென்மிங்க கையில இருந்த பெரிய நிலங்களுக்காக ஜென்ம எஸ்டேட் ஒழிப்பு சட்டம் வந்துச்சு, அதோட 17வது பிரிவுல முடிவாகாம கிடக்கற நிலத்துல குடியிருக்கற குடும்பங்களுக்கு பட்டா இல்ல, பலபேருக்கு ரொம்ப வருஷம் கரண்ட் கூட இல்ல. காடு காப்பாத்தணும்னு சொல்றவங்க சொல்றது நியாயம், நானும் அதை சொல்றவ தான். ஆனா என் கூட படிச்சவ ஒருத்தி அங்க மண்ணெண்ணெய் விளக்குல பிள்ளைய படிக்க வச்சா. அவகிட்ட போய் காட்டை பத்தி பேசணும்னா அந்த விளக்கு பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி பேசணும்.

"சிலோன்காரங்க", "வந்தேறி"ன்னு எல்லாம் சொல்றாங்க. அதையும் பொறுத்துகிட்டு பேசணுமா?

வேணாம். இதை நான் அனுபவிச்சவளா சொல்றேன். ஸ்கூல் படிக்கும்போது இருந்து கேட்டிருக்கேன். ஒரு தடவை கடையில ஒருத்தர் ஓட்டு பேச்சுல "பொழைக்க வந்தவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்"னாரு. நான் கத்திரிய கீழ வச்சுட்டு, "அண்ணா, இந்த வார்த்தை இருக்கற வரைக்கும் நாம பேச முடியாது, துணி நாளைக்கு ரெடியாயிடும், வாங்கிக்கோங்க"ன்னேன். கை நடுங்குச்சு. மறுநாள் வந்தாரு, காசு குடுத்தாரு, மன்னிப்பு கேக்கல, ஆனா அந்த வார்த்தைய அதுக்கப்புறம் என் கடையில சொல்லல. கருத்தை எதிர்த்தா பேசலாம், நாம இங்க இருக்கறதையே எதிர்த்தா எழுந்து வந்துடலாம். மிரட்டல் வந்தா போலீஸ், அதுல யோசிக்கவே வேணாம்.

டூரிஸ்ட் வண்டி கட்டுப்பாடு பத்தி உங்க கருத்து என்ன?

நிறைய பேர் கேக்கறாங்க, சுருக்கமா சொல்லிடறேன். 2024 மே 7ல இருந்து இ-பாஸ், 2025 ஏப்ரல்ல இருந்து ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு சென்னை ஹைகோர்ட் சீசனுக்கு அளவு வச்சுது, அதை எதிர்த்து கடையடைப்பும் நடந்துச்சு. நான் கட்டுப்பாடு வேணுங்கற பக்கம், என் தம்பி டாக்ஸி ஓட்டறான், அவன் எதிர் பக்கம். ஆம்புலன்ஸ் நின்ன கதைய நான் சொல்வேன், டியூ கட்ட முடியாத கதைய அவன் சொல்வான், இன்னும் பேசிட்டு தான் இருக்கோம்.

ஏற்கனவே சண்டை ஆயிடுச்சு. திரும்ப எப்படி பேசறது?

2021 எலெக்ஷன் சமயத்துல என் வீட்டுக்காரரோட சித்தப்பாவை நான் எல்லார் முன்னாடியும் "காசுக்கு ஓட்டு போடறவர்"னு சொல்லிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லன்னு எனக்கு சொல்லும்போதே தெரியும். மாசக்கணக்குல வீட்டுக்கு வரல. தீபாவளிக்கும் வரல.

ஒரு நாள் சாயங்காலம் வர்க்கி ஒரு பாக்கெட் வாங்கிட்டு நானே போனேன், பனிமூட்டம் இறங்கிடுச்சு, காட்டெருமை வேற ரோட்டோரம் நின்னுச்சு, அது தாண்டி போற வரைக்கும் அப்படியே நின்னுட்டு போனேன். சமையல்கட்டுல அடுப்பு பக்கம் உக்காந்திருந்தாரு. "சித்தப்பா, நான் அன்னிக்கு சொன்ன அந்த வார்த்தை தப்பு, சொல்லியிருக்க கூடாது"ன்னேன். "ஆனா"ன்னு ஆரம்பிச்சு எதுவும் சேக்கல. என் கருத்தை வாபஸ் வாங்கல, அந்த வார்த்தைய மட்டும் தான் வாங்கினேன். அவர் பதிலே சொல்லல, சித்தி டீ குடுத்தாங்க, வர்க்கிய தொட்டுகிட்டு மாட்டுக்கு காய்ச்சல்னு பேசிட்டு இருந்தோம். ரெண்டாவது தடவை போனப்பவும் மாடு தான். மூணாவது தடவை அவராவே எலெக்ஷன் பேச்சை எடுத்தாரு. அவசரப்படாதீங்க, கேக்க வேண்டிய மன்னிப்பை கேட்டுட்டு மத்ததை அவங்க கையில விட்டுடுங்க.

இவ்வளவு பேசியும் ஆள் மாறலைன்னா?

மாறணும்னு நினைச்சு பேசினா நமக்கே சீக்கிரம் சலிச்சு போயிடும். என் அனுபவத்துல ஓட்டு மாறினவங்க ரொம்ப கம்மி, ஆனா எதிர் கட்சிக்காரங்களை பத்தி பேசற விதம் மாறினவங்க நிறைய, நானும் அதுல ஒருத்தி. அந்த ஹட்டி பெரியவர் போன வாரம் கூட வந்தாரு, அதே கட்சி, புது கரை வேட்டி. அளவு பாத்து மடிச்சு ஊசி குத்திட்டு இருக்கும்போது "இந்த தடவை உன் ஓட்டு யாருக்கும்மா"ன்னு கேட்டாரு. சொன்னேன். "அப்படியா, ஏன்னு சொல்லு கேப்போம்"னு ஸ்டூலை இழுத்து போட்டு உக்காந்துட்டாரு.